இதயத்தின் வரலாறு – 17: நெய்யும் வெடிமருந்தும்

சென்ற இதழில், அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு கொலஸ்ட்ராலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கதையைப் பார்த்தோம். அந்த வழக்கில் அன்றைக்கு யாரும் விசாரிக்காத ஒரு சாட்சி உண்டு. கண்ணுக்குத் தெரியாத, சில விநாடிகளே நிலைக்கும் ஒரு வாயு. பெயர் நைட்ரிக் ஆக்சைடு. அதைத் தேடி இந்த இதழில் நாம் புறப்படும் இடம் திருமழபாடி.

அரியலூர் மாவட்டத்தின் தென்விளிம்பில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஊர். தேவார மூவரும் பாடிய தலம். பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்கச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். மூலவர் வைத்தியநாதர், பிணி தீர்ப்பார் என்று நம்பி வருகிறவர்களுக்கு என்றும் குறைவில்லை. வரலாறு எழுதுகிறவனை அங்கே இழுப்பது கோயில் சுவர். முதலாம் இராசராசனின் 28-ஆம் ஆட்சியாண்டில் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணை பிறந்தது. பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். கோயில் கணக்கில் அவ்வளவு கறார்.

சோழர் காலக் கோயில் கணக்குகளில் அடிக்கடி தென்படும் பொருள் நெய். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடை. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி வந்து எண்ணிக்கையை நிரப்பிவிடும் என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே அவற்றுக்குப் பெயர். வாலாஜாபாத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையைச் சொல்கிறது. அதன் மருந்துப் பட்டியலிலும் நெய்யில் காய்ச்சிய மருந்துகள் உண்டு. விளக்குக்கும் நெய், விருந்துக்கும் நெய், மருந்துக்கும் நெய். ஆயிரம் ஆண்டுக்கு முன் அதன்மீது யாரும் பழி சொன்னதில்லை.

நெய் மீது விழுந்த பழி

பழி வந்தது 20-ஆம் நூற்றாண்டில், ரஷ்யாவிலிருந்து. 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகொலாய் அனிச்கோவும் அவருடைய சகா செம்யோன் கலடோவும் முட்டை மஞ்சட்கருவிலிருந்து கொலஸ்ட்ராலைப் பிரித்தெடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து, முயல்களுக்கு ஊட்டினார்கள். சில மாதங்களில் முயலின் பெருந்தமனிச் சுவரில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டுகள் எழுந்தன. எண்ணெயை மட்டும் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல் தின்னும் பிராணிக்கு மஞ்சட்கருவின் சாரத்தைக் கொடுத்தால் வேறென்ன ஆகும் என்று பலர் அதைத் தள்ளிவைத்தார்கள். ஃப்ராமிங்ஹாம் முடிவுகள் வந்த பிறகு அதே முயல்கள் மறுபடி மேடைக்கு வந்தன.

அப்போது பிறந்த படம்தான் இன்றைக்கும் நம் மனத்தில் இருக்கிறது: இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒரு பழைய தண்ணீர்க் குழாய், கொழுப்பு அதில் பாசிபோல் படிகிறது, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. இந்தப் படம் உண்மையென்றால் நெய்யை நிறுத்தினவன் பிழைக்க வேண்டும், நெய்யில் குளித்தவன் சாக வேண்டும்.

இந்திய இரயில்வேயின் மருத்துவ அதிகாரி எஸ்.எல். மல்ஹோத்ரா 1967-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரை இந்தப் படத்தைக் குழப்பிவிட்டது. நாடெங்கும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட இரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை அவர் எடுத்துக்கொண்டார். பொன்மலைப் பணிமனைக்காரரும் அரியலூர் வழியாக ஓடும் கார்டு லைன் ஊழியரும் பஞ்சாபின் பாயின்ட்ஸ்மேனும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வேலை பார்ப்பவர்கள், ஒப்பிட வசதி. பஞ்சாபியர் தென்னிந்தியரைவிட 8 முதல் 19 மடங்கு அதிகக் கொழுப்பு சாப்பிட்டார்கள், பெரும்பாலும் பாலும் நெய்யும். ஆனால் மாரடைப்புச் சாவு தென்னிந்தியரிடையே ஏழு மடங்கு அதிகம். செத்தவர்களின் சராசரி வயது வடக்கே 52, தெற்கே 44.

இது நெய்க்கு நற்சான்று என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படி எடுக்க முடியாது. இறப்புச் சான்றிதழை நம்பிய ஆய்வு அது. ஆள் ஆளாக இரத்தம் எடுத்துப் பார்த்ததல்ல. புகை, சர்க்கரை நோய், உடலுழைப்பு எல்லாம் பின்னணியில் கலந்து கிடந்தன. ஆனால் அது எழுப்பிய கேள்வியைத் தள்ள முடியவில்லை. தட்டில் இருக்கும் கொழுப்புக்கும் நெஞ்சை அடைக்கும் கொழுப்புக்கும் நடுவே வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அது என்ன?

மலை மேல் ஒரு ஆலை

விடை, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிலிலிருந்து வந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெடி வைப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொழில் அந்நியமல்ல. இன்றைக்குச் சுரங்கங்களில் பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருள்கள். ஒரு காலத்தில் உலகெங்கும் பாறையைப் பிளந்தது நைட்ரோகிளிசரின் அடங்கிய டைனமைட். தமிழ்நாட்டில் நைட்ரோகிளிசரினுக்கு இன்னொரு முகவரியும் உண்டு. ஊட்டி மலை இரயிலில் குன்னூரைத் தாண்டினால் அருவங்காடு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அங்கே கார்டைட் ஆலையை நிறுவினார்கள். துப்பாக்கித் தோட்டாவுக்கான அந்த வெடிமருந்தின் ஆதிச் செய்முறையில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 58 பங்கு, நைட்ரோகிளிசரின்தான்.

நைட்ரோகிளிசரின் என்ற இந்த எண்ணெயை முதலில் தயாரித்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து அஸ்கானியோ சொப்ரேரோ, ஆண்டு 1847. துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்டை தெறித்தது. பின்னால் ஐரோப்பிய, அமெரிக்க டைனமைட் ஆலைகளிலும் இதே புகார். தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி பிடுங்கும். வாரம் போகப் போகப் பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடி வலி. இன்னொரு பக்கம், ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ள சில தொழிலாளிகளுக்கு ஆலைக்குள் இருக்கும்வரை வலி வருவதில்லை. லீவு நாளில் வந்துவிடும்.

1870-களின் இறுதியில் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் இதைச் சோதிக்க இறங்கினார். சாராயத்தில் நூற்றில் ஒரு பங்கு கலந்த நைட்ரோகிளிசரின் புட்டி அவரிடம் இருந்தது. ஒரு நாள் அதன் ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்க உட்கார்ந்தார். சில நிமிடத்துக்குள் தலை முழுதும் துடிக்க ஆரம்பித்தது. நாடி படபடவென்று எகிறியது. இரத்தக்குழாய்கள் விரிகின்றன என்று அவருக்குப் புரிந்தது. நெஞ்சுவலிக்காரர்களுக்குச் சொட்டுக் கணக்கில் கொடுத்துப் பார்த்து, 1879-இல் லான்செட் இதழில் எழுதினார். டைனமைட்டால் செல்வந்தரான ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896-இல் இதயநோய்க்காக இதை எழுதிக்கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரும் சனங்களும் பயப்படக்கூடாதென்று ‘ட்ரைநைட்ரின்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள் என நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேலி செய்தார். அந்த ஆண்டு டிசம்பர் 10-இல் இறந்தார்.

நம் வீடுகளில் பெரியவர்களின் சட்டைப்பையில் இருக்கும் சார்பிட்ரேட் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நாக்குக்கு அடியில் வைத்தால் வலி தணிகிறது. இதனால் இரத்தக்குழாய் ஏன் விரிகிறது என்று மர்ரெலுக்குத் தெரியாது. அடுத்த நூறாண்டுக்கு யாருக்கும் தெரியாது. 1977-இல்தான் அமெரிக்காவில் ஃபெரிட் மூரட், இந்த மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விடுவிக்கின்றன, அதுவே குழாய்த் தசையைத் தளர்த்துகிறது என்று கண்டார். வாகனப் புகையில் வரும் ஒரு மாசு வாயு மருந்தாகுமா என்று வியந்தார்கள். நம் உடலே அதைத் தயாரிக்கிறது என்பது அப்போது யார் கற்பனையிலும் இல்லை.

மறுபடியும் முயல்

நியூயார்க், புரூக்ளின். ராபர்ட் ஃபர்ச்காட் பல்லாண்டுகளாக முயலின் பெருந்தமனியைத் துண்டு போட்டு, மருந்துகளில் முக்கி, சுருங்குகிறதா விரிகிறதா என்று பார்த்து வந்தவர். அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் அவருடைய துண்டுகள் சுருங்கும். உயிருள்ள உடலிலோ அதே பொருள் குழாயை விரிக்கும். இந்த முரண் அவரை விடாமல் துரத்தியது. 1978-இல் ஆய்வுக்கூட உதவியாளர் செய்முறையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, அன்றைக்கு வைத்த துண்டு சுருங்காமல் விரிந்தது. திட்டிவிட்டுப் போகாமல் ஃபர்ச்காட் காரணத்தைத் தோண்டினார்.

துண்டு போடும்போது உட்பக்கம் விரலிலோ கருவியிலோ உரசினால் குழாயின் உள்ளுறை வழண்டு போகிறது. ஒரே ஒரு செல் கனமுள்ள உறை, எண்டோதீலியம். உறை வழண்ட துண்டு சுருங்குகிறது. உறை பிழைத்த துண்டு விரிகிறது. ஜான் ஜவாட்ஸ்கியுடன் சேர்ந்து 1980-இல் நேச்சர் இதழில் எழுதினார்: அசிட்டைல்கோலின் தட்டுவது உள்ளுறையின் கதவை, உள்ளுறை ஏதோ ஒரு தூதுப்பொருளை வெளியே அனுப்புகிறது, அது போய்த் தசையைத் தளர்த்துகிறது. 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் தனித்தனியே, அந்தத் தூது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று ஊகித்தார்கள். 1987-இல் இங்கிலாந்தில் சால்வடார் மொன்காடாவின் குழு அதை அளந்து காட்டியது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, மூரட் மூவருக்கும் நோபல் பரிசு. மொன்காடா விடுபட்டது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள்.

கொழுப்பின் கதை முயலின் பெருந்தமனியில் தொடங்கியது. வாயுவின் கதையும் அதே முயலின் அதே தமனியில் திரும்பியது. நடுவில் 67 ஆண்டு. அனிச்கோவின் திட்டு எழுந்த இடமும் ஃபர்ச்காட்டின் உள்ளுறையும் ஒன்றையொன்று ஒட்டியவை. இரண்டு வழக்கையும் ஒன்றாக விசாரிக்கும் வேளை வந்தது.

ஒரே மருந்து, இரண்டு பதில்

1986-இல் பாஸ்டன் மருத்துவர்கள் உயிருள்ள மனிதர்களின் இதயத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அசிட்டைல்கோலினை விட்டுப் பார்த்தார்கள். நோயில்லாத தமனி விரிந்தது. கொழுப்பு படிந்த தமனி சுருங்கியது. உறை வழண்ட முயல் துண்டு செய்த அதே வேலை.

ஆனால் இங்கே உறை வழண்டுவிடவில்லை. இருந்த இடத்தில் இருந்தது, வேலை மட்டும் செய்யவில்லை. 1992-இல் லண்டனில் டேவிட் செலர்மேயரும் சகாக்களும் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, நாலரை நிமிடம் இறுக்கி, பட்டென்று விடுவார்கள். இரத்தம் பாய்ந்து வரும்போது நல்ல தமனி நைட்ரிக் ஆக்சைடை விட்டு விரியும். அல்ட்ராசவுண்டில் அந்த அகலத்தை அளப்பார்கள். பரம்பரையாக மிகை கொலஸ்ட்ரால் உள்ள சிறு பிள்ளைகளையும் சோதித்தார்கள். அடைப்பு வரும் வயதே இல்லை. அவர்கள் தமனி அநேகமாக விரியவே இல்லை.

தண்ணீர்க் குழாய்ப் படம் இங்கேதான் உடைகிறது. கொழுப்பு வழியை அடைக்கப் பல்லாண்டு ஆகும். சுவரின் வாயை அது முதலிலேயே அடைத்துவிடுகிறது. எப்படி என்பதும் படிப்படியாகத் தெரிந்தது. இரத்தத்தில் மிகுந்த, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். உள்ளுறைக்கு அடியில் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அங்கே உண்டாகும் சூப்பராக்சைடு, வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடை வந்த வேகத்தில் பிடித்து நாசம் செய்கிறது. வாயுவைத் தயாரிக்கும் நொதியை கேவியோலின் என்ற புரதம் கட்டிப்போடும். கொலஸ்ட்ரால் கூடினால் அந்தக் கட்டு இறுகும். நைட்ரிக் ஆக்சைடுக்கோ குழாயை விரிப்பது மட்டும் வேலையல்ல. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும், வெள்ளணுக்கள் சுவரில் ஏறாமலும் காப்பது அதுவே. அது குறைந்தால் படிவு வளர்கிறது. படிவு வளர்ந்தால் அது மேலும் குறைகிறது. புகையும் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் இதே இடத்தில்தான் கை வைக்கின்றன.

மல்ஹோத்ராவின் புதிருக்கு இதில் முழு விடை இல்லை. ஒரு திறப்பு உண்டு. ‘நல்ல கொழுப்பு’ என்று சொல்லும் எச்.டி.எல்., உள்ளுறையில் ஒரு ஏற்பியைத் தொட்டு அதே நொதியை எழுப்பிவிடுகிறது என்று 2001-இல் தெரிந்தது. தமிழ்நாடும் இடம்பெற்ற ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் ஆய்வின் முதல் கட்டத்தில் 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு. நெய்யே தொடாமல், மூன்று வேளையும் தீட்டிய அரிசியும் சர்க்கரை போட்ட காப்பியும் நடையில்லாத நாளுமாக இருந்தாலும் அது குறையும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும். தட்டில் நெய் இல்லை என்பதால் சுவர் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வாங்க முடியாத வாயு

வாயு குறைவதுதான் நோய் என்றால் வாயுவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததே? இந்த ஆசை வரலாற்றில் பலமுறை தோற்றது. சார்பிட்ரேட் வகை மருந்து நெஞ்சுவலியைத் தணிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் 1995-இல் வெளியான ஐ.எஸ்.ஐ.எஸ்–4 ஆய்வில், மாரடைப்பு வந்த 58,000-க்கும் மேற்பட்டவர்களில் நைட்ரேட் மாத்திரை உயிரிழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. டைனமைட் ஆலைத் தொழிலாளிக்கு வாரக் கடைசியில் தலைவலி பழகியதுபோல் உடல் மருந்துக்கும் பழகிவிடுகிறது. அதனால்தான் நாளில் சில மணி நேரம் மருந்தில்லாமல் விடச் சொல்கிறார்கள்.

நைட்ரிக் ஆக்சைடுக்குக் கச்சாப்பொருள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. 153 பேர். ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் ‘நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்’ என்று தூள் விற்கிறவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை. எச்.டி.எல்.-ஐ உயர்த்தும் டார்செட்ராபிப் மாத்திரையும் அதே 2006-இல் உயிரிழப்பு கூடியதால் கைவிடப்பட்டது.

சமையலறையில் மட்டும் ஒரு சின்ன நல்ல செய்தி. கீரை, பீட்ரூட், முள்ளங்கியில் உள்ள நைட்ரேட்டை நம் நாக்கின் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கும். உடல் அதிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்ளும். 2008-இல் லண்டனில் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களுக்குச் சில மணி நேரத்தில் மேல் அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. கீரை சாப்பிட அது நல்ல காரணம். மாத்திரையை நிறுத்தக் காரணமல்ல.

வென்றது வேறு வழி. ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த பொருள், கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுத்தது. ஸ்டாட்டின் வகை மருந்துகளின் மூதாதை அது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் உயிரிழப்பை 30 சதவீதம் குறைத்தது. ஸ்டாட்டின் கொடுத்தால் உள்ளுறை மறுபடி நைட்ரிக் ஆக்சைடு விடத் தொடங்குகிறது என்பதும் அடுத்தடுத்து வெளிவந்தது. எல்.டி.எல். இறங்கியதால் வந்த பலன் எவ்வளவு, உள்ளுறை நேரடியாகப் பெற்ற பலன் எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள் வாதம் உண்டு. முடிவில் வாதமில்லை: வெளியிலிருந்து வாயுவை ஊற்றியபோது வலி தணிந்தது, வாயுவைச் செய்யும் சுவரைக் காப்பாற்றியபோது ஆள் பிழைத்தார்.

துணை சுகாதார நிலையத்தில் 14 மாத்திரை

இந்த வரலாறு கொள்ளிடக் கரைக்கும் வந்துவிட்டது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரை தருகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. முதல் ஆறும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. உள்ளுறை தன் வாயுவால் செய்ய வேண்டிய வேலையை அதற்குப் பதிலாகச் செய்பவை. கடைசி எட்டு, ஒரே வேளையில் 80 மில்லிகிராம், கொலஸ்ட்ராலுக்கும் உள்ளுறைக்கும். நாக்கடி மாத்திரை அந்தப் பதினான்கில் இல்லை. சிலவகை மாரடைப்பில் அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று கவிழ்த்துவிடும். சில்டெனாஃபில் போன்ற மாத்திரை போட்டவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதைக் கொடுக்கலாமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. திருமானூர் வட்டாரத்தில் ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் 108-ஐ அழைத்துச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு நட்டம். அதற்கு வெகு முன்னால், நாற்பது வயதுக்குள்ளேயே ஒருமுறை எல்.டி.எல்., எச்.டி.எல்., சர்க்கரை, பிரஷர் நான்கையும் பார்த்துக்கொள்வதும், பீடியை விடுவதும், தினம் நடப்பதும் அந்த ஒற்றைச் செல் உறைக்குச் செய்யும் உபகாரம்.

உறை கெட்டு வழியும் அடைத்துப்போனவர்களுக்கு என்ன செய்வது? 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். காலிலிருந்து எடுத்து ஒட்டிய சிரையைவிட, மார்புக்குள்ளிருந்து திருப்பி ஒட்டிய தமனி ஏன் பல்லாண்டு கூடுதலாக உழைக்கிறது என்பதற்கு 1988-இல் கிடைத்த ஒரு காரணமும் நைட்ரிக் ஆக்சைடுதான். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)